அந்தப் பால் எங்கே போனது?
வாசிப்பு வட்டத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆறு மாதத்துக்கான வாசிப்புப் பட்டியலில் நான் எழுதிக் கொடுத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலை அடித்திருந்ததைப் பார்த்தேன். முதலாளியை விரட்டிவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தும் விலங்குகளை வைத்து, ரஷ்யப் புரட்சிக்கு நேர்ந்ததைச் சொல்கிற கதை அது. பேனாவால் ஒரே கோடு. காரணம் கேட்டேன். அது எதிரியின் புத்தகம் என்றார் ஒரு தோழர். இன்றைக்கு இருக்கிற நிலைமையில் நம்மை நாமே அடித்துக்கொள்ள வேண்டுமா என்றார் இன்னொருவர். புரட்சி செய்தாலும் ஒன்றும் மாறாது என்று சொல்கிற கதையை வளரும் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார் மூன்றாமவர். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

என் அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பது உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். அவர் படித்து முடித்ததும் அந்த வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு வருஷம் முழுக்க டிராக்டர் ஓட்டும் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் யாரும் யாருக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று அப்பா சொல்வார். நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் இருந்த நியாயத்தை இன்றும் நான் விட்டுவிடவில்லை. இந்தப் புத்தகத்துக்காக நான் மல்லுக்கு நிற்பதும் அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பசு. அம்மா விடியற்காலையில் எழுந்து கறப்பாள். நுரை தளும்பும் தூக்கை எடுத்துக்கொண்டு நான் சொசைட்டிக்கு ஓடுவேன். சாயங்காலமும் அப்படித்தான். மாடு எங்களுடையது, புல் அறுத்தது நாங்கள், சாணி அள்ளியது நாங்கள். காலையில் எங்கள் டம்ளரில் இருந்தது வரக்காப்பி. பிறகு கல்லூரி நாளில் அந்த நாவலைக் கையில் எடுத்தபோது இரண்டாவது அத்தியாயத்தின் முடிவில் நின்றுவிட்டேன். பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டியாகிவிட்டது. கொட்டகைச் சுவரில் ஏழு கட்டளைகளை எழுதியாகிவிட்டது. மடி கனத்துப்போன மாடுகள் கத்துகின்றன. பன்றிகள் வாளி கொண்டுவரச் சொல்லிக் கறக்கின்றன. ஐந்து வாளி நுரைத்த பால். இதை என்ன செய்யப்போகிறோம் என்று யாரோ கேட்கிறார்கள். ஜோன்ஸ் சில நாள் எங்கள் தீனியில் கொஞ்சம் கலப்பாரே என்கிறது ஒரு கோழி. பாலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அறுவடைதான் முக்கியம் என்று வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது நெப்போலியன் என்ற பன்றி. எல்லோரும் வயலுக்குப் போகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பால் இல்லை.

அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்துவிடுகிறது. பின் அத்தியாயங்களில் வரும் கொலை இல்லை, நாய்கள் இல்லை, வாக்குமூலங்கள் இல்லை. புரட்சி நடந்த முதல் நாள் சாயங்காலம் ஐந்து வாளிப் பால் காணாமல் போகிறது, யாரும் திரும்பக் கேட்கவில்லை. தோழர்களே, இந்த நாவலின் முழுப் பாரமும் அந்த இடத்தில் இருக்கிறது. இது என் கற்பனை இல்லை. ஆர்வெல்லே 1946 கடைசியில் அமெரிக்காவில் இருந்த தன் நண்பர் டுவைட் மக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான் கதையின் திருப்பம், மற்ற விலங்குகள் அங்கேயே காலூன்றி எதிர்த்திருந்தால் எல்லாம் நல்லபடியாக இருந்திருக்கும் என்று. அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு ஊர்ப்பெயரையும் போட்டிருக்கிறார்: கிரான்ஸ்டாட்.

அந்தப் பெயரைப் பற்றி நாம் வட்டத்தில் ஒருநாளும் பேசியதில்லை. பெட்ரோகிராடுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) எதிரே கடலில் இருக்கும் கோட்டைத் தீவு அது. 1917இல் அங்கிருந்த கடற்படை வீரர்களைப் புரட்சியின் பெருமிதம் என்று கொண்டாடியவர் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி. 1921 பிப்ரவரி 28 அன்று பெட்ரோபாவ்லொவ்ஸ்க் என்ற போர்க்கப்பலில் கூடிய அதே கிரான்ஸ்டாட் வீரர்கள் 15 கோரிக்கைகள் கொண்ட ஒரு தீர்மானம் போட்டார்கள். சோவியத்துகள் என்ற மக்கள் அவைகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல், தொழிலாளிக்கும் விவசாயிக்கும் பேச்சுரிமை. அவற்றோடு இன்னொன்று: ஆபத்தான வேலை செய்பவர்களைத் தவிர, உழைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு ரேஷன். நாங்களும் உழைக்கிறோம், எங்கள் தட்டிலும் அதே அளவு வை என்று கேட்டார்கள். மார்ச் 17ஆம் தேதி செம்படை உறைந்த கடலின் பனிக்கட்டி மேல் நடந்துபோய்த் தாக்கியது. மறுநாள் கோட்டை விழுந்தது. பாரிஸ் தொழிலாளர்கள் எழுந்து ஆட்சியைக் கையில் எடுத்த பாரிஸ் கம்யூனுக்கு அன்று ஐம்பதாம் ஆண்டு நிறைவு. அதே மாதம் கூடிய ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாவது காங்கிரஸில் (மாநாட்டில்) கட்சிக்குள் தனிக் கோஷ்டிகள் இருக்கக் கூடாது என்று தடை வந்தது. பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை நெப்போலியன் நிறுத்துகிற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காங்கிரஸ் நினைவுக்கு வருகிறது.

கிரான்ஸ்டாடை அடக்க உத்தரவு போட்டவர்களில் டிராட்ஸ்கி முக்கியமானவர். ஸ்டாலின் கெட்டவர், டிராட்ஸ்கி இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. நாவலுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. ஆப்பிள்கள் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது பன்றிகள் எல்லாம் ஒரே குரலில் இருந்தன, எதற்கெடுத்தாலும் மோதிக்கொள்ளும் ஸ்னோபாலும் (டிராட்ஸ்கியின் சாயல்) நெப்போலியனும் (ஸ்டாலினின் சாயல்) உட்பட. அந்த வரியை ஆர்வெல் சும்மா போடவில்லை.

சரி, எதிரியின் புத்தகம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பீகாரில் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் ஐந்து வருஷம் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த வேலை பிடிக்காமல் உதறிவிட்டுப் போனவர் அவர். பாசிஸ்டுகளுக்கு எதிரான உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கு 1936 டிசம்பரில் போனார். அன்றைய பார்சிலோனாவில் ஹோட்டல் பணியாளர் வாடிக்கையாளரை நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசினார். டிப்ஸ் கொடுப்பது தடை. செருப்பு துடைப்பவர்களின் பெட்டிகூடச் சிவப்பும் கறுப்புமாக வர்ணம் பூசியிருந்தது. இதற்காகச் சண்டை போடலாம் என்று அவருக்குத் தோன்றியது, போம் என்ற இடதுசாரிக் கட்சியின் படையில் சேர்ந்தார். அரகோன் போர்முனையில் குளிரிலும் பேனிலும் மாதக்கணக்கில் கிடந்தார். 1937 மே மாதம் ஹுவெஸ்கா பக்கத்தில் ஒரு பாசிஸ்ட் தோட்டா அவர் கழுத்தைத் துளைத்தது.

எதிரியின் தோட்டாவுக்குப் பிழைத்து பார்சிலோனாவுக்குத் திரும்பினார். ஸ்டாலின் ஆதரவாளர்களின் செல்வாக்கில் இருந்த சொந்தத் தரப்புப் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. போம் கட்சியைத் தடை செய்துவிட்டார்கள். அதன் தலைவர் ஆந்த்ரேயு நின்னைக் கைது செய்து கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். முன்னணியில் நின்று சுட்டவர்களை எல்லாம் பாசிஸ்டுகளின் கைக்கூலிகள் என்று பத்திரிகைகள் எழுதின. பார்சிலோனாவில் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் மனைவி ஐலீன் அவர் கழுத்தில் கைபோட்டு, பார்க்கிறவர்களுக்காகச் சிரித்துக்கொண்டே, உடனே வெளியே போ என்று காதில் சொல்லியிருக்கிறார். இருவரும் ஜூன் மாதம் பிரான்ஸுக்குத் தப்பினார்கள். லண்டனுக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடுத்தால் ஒரு இடதுசாரிப் பத்திரிகை போட மறுத்தது. ஸ்குவீலர் என்ற அந்த நாக்குச் சுழற்றும் பன்றி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? நூலகத்தில் உட்கார்ந்து யோசித்ததில்லை அது. கழுத்தில் துளையோடு வந்தவர் எழுதியது.

அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. இதைப் படமாக எடுத்ததே என்று கேட்கிறீர்கள். எடுத்தது உண்மைதான். 1954இல் வந்த அந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது. ஆர்வெல் இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. படத்தின் முடிவு என்ன என்று பாருங்கள். நாவலின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் பக்கத்துப் பண்ணை முதலாளிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்துச் சீட்டாடுகிறார்கள். வெளியே இருந்து பார்க்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியவில்லை. படத்தில் அந்த மேசையிலிருந்து மனிதர்களை எடுத்துவிட்டார்கள். பன்றிகள் மட்டும்தான். அப்புறம் விலங்குகள் திரண்டு வந்து பன்றிகளைக் கவிழ்ப்பதாக முடித்துவிட்டார்கள். முதலாளியும் பன்றியும் ஒரே முகம் என்று சொல்கிற முடிவை வாஷிங்டனால் செரிக்க முடியவில்லை. வெட்டி ஒட்டாமல் எதிரியாலும் பயன்படுத்த முடியாத புத்தகத்தை நாம் ஏன் எதிரிக்குத் தாரை வார்க்க வேண்டும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1949இல், சாகக் கிடந்த நேரத்தில், சோவியத் அனுதாபிகள் என்று தான் நினைத்த 38 பேரின் பட்டியலை ஆர்வெல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரச்சாரப் பிரிவுக்குக் கொடுத்தார். அது தவறு. அரசாங்கத்திடம் பெயர் கொடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த மாட்டேன். கூட்டத்தில் அதையும் சேர்த்தே பேசலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதி முடித்த கதையில் உள்ள பால் அதனால் திரும்பி வந்துவிடாது.

"இப்போது வேண்டாம்" என்று சொன்ன தோழரிடம் எனக்கு மரியாதை உண்டு. பயத்தினால் அவர் அப்படிச் சொல்லவில்லை, பொறுப்பினால்தான் சொன்னார். ஆனாலும் இந்த வார்த்தையின் வரலாறு நல்லதில்லை. 1944 பிப்ரவரியில் நாவல் முடிந்தபோது ஸ்டாலின்கிராடில் வென்ற செம்படையை உலகமே கும்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த நன்றியில் நியாயமும் இருந்தது. இடதுசாரிப் பதிப்பாளர் கோலன்ஸ் மறுத்தார். இன்னொரு பதிப்பாளர் ஜோனதன் கேப் முதலில் சரி என்று சொல்லி, தகவல் அமைச்சகத்தில் ஒரு அதிகாரியைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட்டும் வேண்டாம் என்றார். உங்கள் பன்றிகள் மற்ற விலங்குகளைவிடப் புத்திசாலிகள், ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவை அவைதான், தேவைப்படுவது இன்னும் கொஞ்சம் பொதுநலம் உள்ள பன்றிகள் என்ற பொருளில் எழுதினார். இந்த வாதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நம்மை ஆள வந்த எல்லோரும் சொன்னதுதானே இது? இதற்கிடையில் 1944 ஜூனில் ஆர்வெல் வீட்டின் மேல் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து கசங்கிய கையெழுத்துப் பிரதியை எடுத்தார்கள். 1945 ஆகஸ்டில்தான், போர் முடிகிற நேரத்தில், செக்கர் அண்டு வார்பர்க் பதிப்பகம் 4,500 பிரதி போட்டது.

பால் விஷயம் வெளியே தெரிந்த பிறகு ஸ்குவீலர் வந்து என்ன சொல்கிறது? எங்களில் பலருக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது, மூளை உழைப்புக்காகக் குடிக்கிறோம், நாங்கள் தளர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், உங்களில் யாருக்காவது ஜோன்ஸ் திரும்பி வர வேண்டுமா என்று கேட்கிறது. அதற்கு மேல் யாரிடமும் பேச்சில்லை. தோழர்களே, ஜோன்ஸ் வருவான் என்பது பொய்யும் இல்லை. துப்பாக்கியோடு ஒரு முறை வந்துமிருக்கிறான். உண்மையான அந்தப் பயத்தை வைத்துத்தான் ஐந்து வாளிப் பாலையும் மூடி மறைக்க முடிந்தது. இதை நாம் ஆற அமரப் பேச வேண்டும்.

இந்தக் கதை புரட்சியைக் கேலி செய்கிறது என்பது முழுக்கத் தவறான வாசிப்பு. கிழட்டுப் பன்றி மேஜர் முதல் அத்தியாயத்தில் பேசுவதை மறுபடி படியுங்கள். ஒரு வார்த்தையைக்கூட ஆர்வெல் நக்கலாக எழுதவில்லை. ஜோன்ஸ் போன பிறகு வந்த முதல் அறுவடை, அவனும் அவன் ஆட்களும் எடுத்துக்கொள்ளும் நாட்களைவிட இரண்டு நாள் முன்னதாகவே முடிகிறது. பண்ணை அதுவரை காணாத விளைச்சல். தாங்களே பாடுபட்டு விளைத்ததை உண்பது எவ்வளவு சந்தோஷம் என்று விலங்குகள் கண்டுகொள்கிற பக்கங்கள் அவை. நேசிக்காதவனால் அவற்றை எழுத முடியாது.

இந்த விதை எங்கே விழுந்தது என்பதை 1947இல் உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார். ஒரு குறுகலான பாதையில் பத்து வயசுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையை ஓட்டிப்போகிறான். அது வேறு பக்கம் திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் ஒன்று வைக்கிறான். இந்த மிருகங்களுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் நம்மால் என்ன செய்ய முடியும், பணக்காரன் பாட்டாளியைச் சுரண்டுவதும் இதே மாதிரிதானே என்று அவருக்குத் தோன்றியது. போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் கிடந்த உக்ரேனியர்களுக்காகப் போட்ட பதிப்பு அது. அவர் அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தப் பிரதிகளில் ஒரு பகுதியைப் பிடுங்கி சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம்.

சுவரில் எழுதிய கட்டளைகள் இரவில் மாறுவதை மிகைப்படுத்தல் என்று ஒரு தோழர் சொன்னது நினைவிருக்கிறது. 1918இல் லெனினைக் கேட்காமலே அவர் சம்பளத்தை 500 ரூபிளிலிருந்து 800 ஆக்கினார்கள். லெனின் அதற்குக் காரணமான அரசு நிர்வாக அதிகாரி பொன்ச் புருயேவிச்சுக்கு அந்த ஆண்டு மே மாதம் கடுமையான கண்டனம் எழுதி அனுப்பினார். என் அப்பா இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். கட்சிக்காரர் வாங்கும் சம்பளத்துக்கு ஒரு மேல்வரம்பு இருந்தது. 1931இல் ஸ்டாலின் சமக்கூலி கேட்பதையே தவறு என்று பேசினார். அடுத்த ஆண்டு அந்த மேல்வரம்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஊரே பஞ்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. எந்தச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டவில்லை. பண்ணையில் ஒருநாள் நடுராத்திரி ஏணி முறிந்து, கீழே வர்ணச் சட்டியும் தூரிகையுமாக ஸ்குவீலர் கிடக்கிறதே, அந்த ஏணிதான் இது. 1934 கட்சிக் காங்கிரஸில் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவின் 139 பேரில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள் என்று ஸ்டாலினுக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1956இல் சொந்தக் கட்சி மேடையிலேயே சொன்னார். செத்தவர்களும் நம் தோழர்கள்தான். அவர்களுக்காக அழுத ஒரு புத்தகத்தை நாம் பட்டியலில் அடித்திருக்கிறோம்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. கண் மங்கிய பிறகு சாயங்காலங்களில் நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். இந்தக் கதையையும் படித்தேன். பாக்ஸர் என்ற குதிரை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் கடுமையாக உழைப்பேன் என்று சொல்லிச் சொல்லியே சாகிறவன். அவன் நுரையீரல் போய் விழுந்ததும் பன்றிகள் ஒரு வண்டியை வரவழைக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு என்று எல்லோரும் கையசைத்து வழியனுப்புகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தும் அதுவரை ஒரு எழுத்தைக்கூட யாருக்கும் வாசித்துக் காட்டாத பெஞ்சமின் என்ற கழுதை மட்டும் பாய்ந்து வந்து, முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று கத்துகிறது. குதிரைகளை அறுத்துப் பசை காய்ச்சுகிறவனின் வண்டி.

அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாள். எங்கள் பசு சிவலை கிழடானதும் அடிமாட்டுக்குக் கொடுத்தோம். தரகன் கயிற்றைப் பிடித்து லாரியில் ஏற்றும்போது அது தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அந்த ஞாபகம்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது வேறு. "அந்தக் கழுதைக்குத்தான் படிக்கத் தெரியுமே, செவுத்துல எழுத்து மாறுனப்பவே ஏன் படிச்சுச் சொல்லல?"

அம்மா அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்பில் ஐம்பது வயசுக்கு மேல் கையெழுத்துப் போடக் கற்றவள். நம் வட்டத்தில் பாதிப் பேர் அந்த அறிவொளியில் சொல்லிக் கொடுத்தவர்கள். பண்ணையில் குளோவர் என்ற குதிரைக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க வராது. கட்டளை மாறியிருக்கிறதோ என்று சந்தேகம் வரும்போது இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை முதலில் பெஞ்சமினைத்தான் கேட்கிறாள், அவன் மறுத்துவிடுகிறான். நாம் இந்தப் புத்தகத்தை அடித்தபோது எத்தனை குளோவர்களுக்கு மறுத்தோம் என்று நினைத்துப் பார்த்தேன், அன்று தூக்கம் வரவில்லை.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். பட்டியலை மாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் கொடுங்கள். என்னிடம் தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயங்களை நானே உரக்கப் படிக்கிறேன். டீ போட்டுத் தரும் அக்காவையும், பின்வரிசையில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போகும் கட்டட வேலைத் தோழர்களையும் முன்னால் உட்காரச் சொல்லுங்கள். பால் காணாமல் போகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறேன். முதலில் அவர்கள் பேசட்டும்.

தோழமையுடன்,
வட்டத்தின் பழைய உறுப்பினன்